போதும் என்று நீ சொன்ன ராத்திரி

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் சுகம். இங்கே களக்காட்டுப் பக்கம் இரண்டு நாளாக நல்ல மழை. போனில் பேசினால் நீயும் அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்க முடியாவிட்டால் பரவாயில்லை, படுக்கையில் இருக்கிற உன் மாமியார் அத்தைக்கு ட்யூப்பில் கஞ்சி இறங்குகிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படி.

செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொன்றே முக்காலுக்குக் கூப்பிட்டாய். "அத்தைக்கு பெட்ஷீட் மாத்திட்டு வந்து உட்கார்ந்தேன்மா. ஜெபம் பண்ணலாம்னு கண்ணை மூடினா ஒரு வார்த்தை வரல. போதும்னு மட்டும்தான் வருது" என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆண்டவர் அவங்களை எடுத்துக்கிட்டா நல்லாயிருக்கும்னு நினைச்சிட்டேன். நான் என்ன பொம்பளைம்மா?" என்று கேட்டாய். எனக்குத் தொண்டை அடைத்துப்போய், "சரி, தூங்கு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நானும் அப்படி நினைத்தவள்தான். ஒரு தடவை இல்லை, பல தடவை.

ஆச்சி படுத்த படுக்கையாக இருந்த வருஷங்களில் நீ ஹாஸ்டலில் இருந்தாய். கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது, குளிப்பாட்டி, பவுடர் போட்டு, வெள்ளைச் சேலை சுற்றி உட்காரவைத்த ஆச்சியைத்தான் பார்த்தாய். ராத்திரிகளை நீ பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை. இடுப்பு எலும்பு முறிந்து படுத்ததற்கப்புறம் அவர்களுக்கு ஞாபகமும் கலைய ஆரம்பித்தது. பகல் முழுக்கத் தூங்குவார்கள். ராத்திரி ஒரு மணிக்குக் கண்ணைத் திறந்து, "எங்க வீட்டுக்குப் போணும்" என்று ஆரம்பிப்பார்கள். அவர்கள் வீடு இதுதான் என்று எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது.

ஒரு ராத்திரி மூன்று மணி இருக்கும். அன்றைக்கு இரண்டாவது தடவையாக எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட்டு, கையெல்லாம், கட்டில் கம்பியெல்லாம் அசிங்கமாக்கி வைத்திருந்தார்கள். வாளியில் வெந்நீரும் துணியுமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், துடைத்த கையை மறுபடியும் அதிலேயே கொண்டுபோய் வைத்தார்கள். நான் அந்தக் கையில் அடித்துவிட்டேன். ஓங்கியே அடித்தேன். மெல்லிய தோல், உடனே சிவந்துபோயிற்று. ஆச்சி கையைப் பார்த்தார்கள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான் அழுதுகொண்டு நிற்கிறேன். யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்கிற மாதிரி, "சாப்ட்டியளா?" என்று கேட்டார்கள்.

நான் அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டிருக்கவில்லை.

இதை அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். நீ வாயால் சொன்னதற்கே வெட்கப்பட்டுக் குரலைத் தாழ்த்தினாயே, உன் அம்மா கையாலேயே செய்திருக்கிறாள். அதற்கப்புறமும் கர்த்தர் என்னைத் தள்ளிவிடவில்லை.

அது நடந்து கொஞ்ச நாள் கழித்து, 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம் வாசிக்க வந்தது. ஞாயிறு பள்ளியிலிருந்தே தெரிந்த கதை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே போய் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்கிறார். என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். நீ சொன்ன அதே சொல் பார். சொன்னவர் விசுவாசம் இல்லாதவரா? அதற்கு முந்தின அதிகாரத்தில்தான் கர்மேலில் ஜெபித்து, வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்டவர். கர்த்தர் அவரைத் திட்டவில்லை, உபவாசம் இருந்து ஜெபம்பண்ணு என்றும் சொல்லவில்லை. தூங்கவிட்டார். அப்புறம் ஒரு தூதன் தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும், பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தது. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்பதுதான் தூதன் சொன்ன காரணம். "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்று கர்த்தர் கேட்டதெல்லாம் அதற்கப்புறம், நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான்.

அதை வாசித்தபோது எனக்கு ஆச்சியின் குரல்தான் கேட்டது. சாப்ட்டியளா? வேதப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அடுக்களைக்குப் போய், மத்தியானத்து மிச்சச் சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். அன்றைக்கு நான் செய்த ஜெபம் அவ்வளவுதான். அது ஜெபம்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அதனால் மகளே, ஜெபம் வரவில்லை என்று உன்னை நீயே குத்திக்கொள்ளாதே. வராத நாளில் சங்கீதத்தில் ஒன்றை எடுத்து வாசி, மற்றவர்கள் அழுததைக் கடன் வாங்கிக்கொள். 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. மற்ற சங்கீதங்களைப்போல முடிவில் துதி ஸ்தோத்திரம் என்று மாறாது, இருட்டிலேயே முடியும். அதையும் கர்த்தர் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார் பார். அதுவும் முடியாத நாளில் "ஆண்டவரே" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் படு.

யாராவது வந்து உன்னிடம் விசுவாசக் கணக்குக் கேட்டால் காதில் வாங்காதே. எனக்கு அப்படி நடந்தது. பார்க்க வந்த ஒருவர் ஆச்சிக்கு ஜெபித்துவிட்டு, வாசலில் செருப்புப் போடும்போது, "இத்தனை நாளா எழும்பலைன்னா, வீட்டில் என்ன குறை இருக்குன்னு ஆராய்ந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மாதக்கணக்காக ஆராய்ந்தேன். இருக்கிற களைப்புக்கு மேலே அது ஒரு மூட்டை. இப்போது நினைத்தாலும் மனசு கொதிக்கிறது. பாரம் சுமக்கிறவர்களை இயேசு கூப்பிட்டது இளைப்பாறுதல் கொடுக்க. இன்னும் கொஞ்சம் ஏற்றிவைக்க இல்லை.

ஆனால் சபையை வெறுத்துவிடாதே. அதே சபையில் உபதேசியாருடைய வீட்டம்மா இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை தோறும் இரண்டு மணிக்கு வருவார்கள். வசனம் சொல்ல மாட்டார்கள். "அக்கா, நீங்க போய்ப் படுங்க" என்று சொல்லிவிட்டு ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டுவார்கள். நாலு மணிக்குக் காபி போட்டு என்னை எழுப்புவார்கள். எனக்கு வந்த தூதன் அவர்கள்தான்.

ஒரு தடவை சபைப் போதகர் ஐயர் நற்கருணை கொடுக்க வீட்டுக்கு வந்தார். நான் கோயிலுக்குப் போய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. அப்பத்தைத் துளியாகக் கிள்ளி, திராட்சரசத்தில் நனைத்து, ஆச்சி நாக்கில் வைத்தார். சொந்த மகன் பெயரே தெரியாத ஆச்சி, ஐயர் "பரமண்டலங்களிலிருக்கிற" என்று ஆரம்பித்ததும், "எங்கள் பிதாவே" என்று சேர்ந்துகொண்டு ஆமென் வரைக்கும் ஒரு சொல் விடாமல் சொன்னார்கள். எனக்கு வாயைத் திறக்க முடியவில்லை. அன்றைக்கு எனக்கும் சேர்த்து ஆச்சிதான் ஜெபித்தார்கள். உங்கள் சபை ஐயரிடம் சொல், வீட்டுக்கு வந்து கொடுப்பார். அத்தைக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதை முதலிலேயே சொல்லிவிடு, அவர்களுக்கு ஜெபம் மட்டும் போதும். நீ வாங்கிக்கொள். உனக்காகத்தான் சொல்கிறேன்.

டோனாவூருக்கு உன்னைச் சின்ன வயதில் கூட்டிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறதா? அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-இல் கீழே விழுந்தார்கள். அதற்கப்புறம் 1951-இல் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அறைக்குள்ளேயேதான். படுக்கையில் இருந்துகொண்டே எவ்வளவு எழுதினார்கள் என்று எல்லாரும் சாட்சி சொல்வார்கள். நான் ஆச்சியைப் பார்த்துக்கொண்ட பிறகு என் யோசனை வேறு பக்கம் போய்விட்டது. அந்த இருபது வருஷமும் அவர்களுக்குத் துணி மாற்றியது யார், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது யார், ராத்திரி கூப்பிட்டபோது எழுந்து போனது யார்? அவர்கள் வளர்த்த பிள்ளைகளும் கூட ஊழியம் செய்தவர்களும்தானே. ஒருத்தியாக இல்லை, பலபேர் மாற்றி மாற்றி. தனக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொன்னார்களாம், அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டிதான் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பேர் தெரியாத அந்தப் பெண்கள் ஞாபகம்தான்.

அதைத்தான் உன்னிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நீ ஒருத்தியாகச் சுமக்கிறாய். மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்துகொண்டு வந்து, கூட்டத்தால் உள்ளே போக முடியாமல் கூரையைப் பிரித்து இறக்கினார்கள், "அவர்கள் விசுவாசத்தை" இயேசு கண்டார் என்று இருக்கிறது. ஒருவன் மட்டும் தூக்கியிருந்தால் கூரை வரைக்கும் ஏற்றியிருக்க முடியுமா? மாப்பிள்ளையிடம் நேராகப் பேசு. அவர் நல்லவர்தான், ஆனால் கேட்காமல் அவருக்குத் தெரியாது. ராத்திரி பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் அவர் தாயாரைப் புரட்டிப் படுக்கவைக்கட்டும், நீ ஒன்பதரைக்கே படுத்துவிடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள், படுக்கைப்புண் வந்துவிட்டால் வேலை நாலு மடங்கு. குதிகாலையும் இடுப்புக்குப் பின்னாலும் தினம் பாருங்கள். நாத்தனார் மாதாமாதம் பணம் அனுப்புவது பெரிய காரியம்தான், இருந்தாலும் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் பத்து நாள் வந்து இருக்கச் சொல். உனக்குச் சங்கடமாக இருந்தால் நான் பேசுகிறேன். அப்புறம் மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-இல் அரசாங்கம் ஆரம்பித்தார்களே, அதில் சுகர், பிரஷர் மாத்திரை மட்டும் இல்லை, படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி ஆற்றும் பராமரிப்பும் உண்டு. உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேட்டுப் பேர் கொடு.

இன்னொன்று. படுத்தால் தூக்கம் வராமல், காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டே இருந்தால், அல்லது அந்த "போதும்" உன்னையே பற்றிய போதும் ஆகிவிட்டால், மறைக்காமல் என்னிடம் சொல். எந்த நேரமானாலும் கூப்பிடு. டாக்டரிடமும் போக வேண்டும். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு இல்லை. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக்கு முடியாமல் வந்தபோது, கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடு என்று பவுல் கைவைத்தியம் எழுதி அனுப்பினாரே தவிர, விசுவாசம் போதாது என்று எழுதவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வள்ளியூரில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறுகிறேன். டிக்கெட் கன்பர்ம் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை விடியற்காலம் தாம்பரத்தில் இறங்கிவிடுவேன். மூன்று வாரம் இருப்பேன். அப்பாவுக்குச் சாப்பாட்டுக்குச் சித்தி பொறுப்பு. அத்தை என்னை வேற்று ஆளாக நினைத்து முகம் திருப்பினால் திருப்பட்டும், எனக்கு அது பழக்கம்தான். முதல் மூன்று நாள் நீ அத்தை அறைக்குள் வரவே கூடாது, இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அப்பாவின் பழைய பருத்தி வேட்டி நாலு துவைத்து எடுத்துவைத்திருக்கிறேன். நாலாக மடித்து அத்தைக்குக் கீழே போட்டால், இரண்டுபேர் இரண்டு பக்கமும் பிடித்து மேலே இழுத்துப் படுக்கவைக்கலாம், தோல் உரசாது. புது பெட்ஷீட் வாங்கிவிடாதே, அது முரடாக இருக்கும். ஸ்டேஷனுக்கும் வர வேண்டாம், ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன். சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவை, நான் வரும் நேரத்தில் நீ எழும்பாதே.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா