பழைய கொப்பிகளை எரிக்க வேண்டாம்: எமது தோட்ட மரண உதவிச் சங்க நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மாரியம்மன் கோயில் களஞ்சிய அறையைத் துப்புரவாக்கும்போது, அங்குள்ள தகரப் பெட்டியையும் அதிலுள்ள சங்கத்தின் பழைய கொப்பிகளையும் எரித்துவிட முடிவெடுத்திருப்பதாக அறிந்தேன். கணக்குகள் கணினிக்கு மாறிய பின் கறையான் அரித்த கொப்பிகள் எதற்கு என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். பதினோரு ஆண்டுகள் செயலாளராக இருந்து அவற்றில் எழுதியவன் என்ற உரிமையில், அம்முடிவைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தோட்டத்துச் செக்ரோலில், அதாவது நாள்வேலைப் பதிவேட்டில், நம் பெற்றோர் முழுநாள் வேலைக்கான முழுப்பேராகவும் அரைநாளுக்கான அரைப்பேராகவும் மட்டுமே இருக்கிறார்கள். அவர்கள் தாமே கூடிப் பேசித் தாமே எழுதிவைத்தவை இக்கொப்பிகள்தாம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு சாவு விழுந்தால் சவப்பெட்டிக்காக எவரிடமும் கடன்பட்டு நிற்கக்கூடாது என்பதற்காகவே மாதச் சந்தா சேர்த்தார்கள். கொட்டகைத் தகரம், பெற்றோமாக்ஸ் மண்ணெண்ணெய், இரவு விழித்திருப்போருக்கான தேத்தண்ணிச் சீனி என ஒவ்வொன்றுக்கும் சதக் கணக்கு இருக்கிறது. பெருவிரல் அடையாளங்கள் குறைந்து கையெழுத்துகள் கூடுவதையும் அப்பக்கங்களிலேயே காணலாம். சந்தா கட்டிய பெண்களின் பெயர்கள் நிர்வாகக் குழுப் பட்டியலில் நெடுங்காலம் இல்லாதிருந்ததும் அங்கே தெரிகிறது. அந்தக் குறையும் நம்முடைய வரலாறே.

1964 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இவை எந்தப் பாடநூலிலும் கிடைக்கும் எண்கள். எழுபதுகளின் உறுப்பினர் கொப்பியை விரித்தால், மேல் லயத்துப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவப்பு மையால் வெட்டப்பட்டு, ஓரத்தில் ‘இந்தியா’ என்று எழுதப்பட்டிருக்கும். அவற்றுள் ஒரு பெயருக்கு எதிரே, ‘மூன்று மாதப் பாக்கி தீர்த்தார்’ என்றொரு குறிப்பும் உண்டு. இந்தியாவுக்குக் கப்பலேறும் தலைமன்னாருக்குக் கோச்சியேறுவதற்கு முன்னர், இனி ஒருபோதும் தமக்கு உதவப்போகாத சங்கத்துக்கு அவர் அந்தக் கடனைச் செலுத்திவிட்டுப் போயிருக்கிறார். எத்தனையோ முறை படித்தும் அந்த வரியை என்னால் எளிதில் கடக்க முடிவதில்லை.

முன்னொரு குழுவின் காலத்தில் முதலிரு கொப்பிகள் அடுப்பெரிக்கப் போயின. சங்கம் தொடங்கிய ஆண்டை இன்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாததற்கு அதுவே காரணம். எஞ்சியவற்றையாவது ஈரம்படாத இடத்தில் வையுங்கள். இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனத்தை அணுகி, பக்கம் பக்கமாகப் படியெடுக்கச் செய்யலாம். உறுப்பினர்களின் சம்மதம் பெறுவதும் அதற்கான கடிதங்களை எழுதுவதும் என் பொறுப்பு.

வரும் ஞாயிறு சிரமதானத்துக்கு முன்பே வந்து பெட்டியை எடுத்துக்கொள்கிறேன். அதுவரை களஞ்சிய அறைத் திறப்பைத் தலைவரே தம்மிடம் வைத்திருக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் செயலாளர்