சான்டோஸில் கரை இறங்காத தம்பிகளுக்கு

கப்பலில் வேலை பார்க்கும் தம்பிகளுக்கு,

வணக்கம். இருபத்தாறு வருடம் கடலில் ஓடிவிட்டு, போசனாக, அதாவது டெக் ஆட்களுக்குத் தலைவனாக இருந்து இறங்கி, இப்போது தூத்துக்குடியில் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவரும் வேலை பார்க்கிறேன். முந்தாநாள் என் அக்கா மகன் பிரேசிலில் இருந்து கூப்பிட்டான். சான்டோஸில் சர்க்கரை ஏற்றுகிறார்களாம். மழை வந்து வந்து லோடிங் நின்று போகிறதாம். நாலு நாளாகக் கப்பல் கரையில்தான். "ஊர் எப்படிடா?" என்று கேட்டேன். "இறங்கவே இல்ல மாமா. கப்பல்லயே நெட் சூப்பரா வருது" என்றான்.

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். எனக்கே அந்த யோக்கியதை இல்லை என்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். நான் முதல் தடவை சான்டோஸ் போனபோது கப்பல் ஒன்பது நாள் நின்றது. இரண்டு முறை கரை இறங்கினேன். ஒரு முறை கேட்டுக்கு எதிரே இருந்த கடையில் போன் கார்டு வாங்கி வீட்டுக்குப் பேசினேன். மறுமுறை நாங்கள் நாலு பேர் ஏறிய டாக்சி ஊரையெல்லாம் சுற்றி ஒரு மாலில் கொண்டுபோய் இறக்கியது. ஐம்பது டாலர். அங்கே ஒரு ஜோடி ஷூ வாங்கினேன். அதுவும் அளவு சரியில்லை. பிரேசில் எப்படி என்று ஊரில் கேட்டவர்களிடம் "நல்லா இருக்கு" என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த முறை போனபோது எங்கள் சீஃப் குக் கோவாக்காரர். பாட்டி பேசிய போர்ச்சுகீசு அவருக்கு அரைகுறையாக வரும். அவர்தான் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அப்புறம் ஐந்து முறை அந்த ஊருக்குப் போயிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஊர் எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சான்டோஸ் ஒரு தீவில் இருக்கிறது. அதே தீவின் மேற்குப் பாதியில் சாவோ விசென்டே என்ற இன்னொரு ஊர். 1532-ல் போர்ச்சுகீசியர் பிரேசிலில் முதலில் நிலையாகக் குடியேறிய இடம் அதுதான். தீவின் வடக்கிலும் கிழக்கிலும் துறைமுகம். தெற்கே திறந்த கடலும் கடற்கரையும். நமக்குத் தெரிந்ததெல்லாம் கிரேன், கோடவுன், லாரி வரிசை, சோயா புழுங்கும் நாற்றம். அதாவது தீவின் முதுகு. முகம் நாலைந்து கிலோமீட்டர் தள்ளித் தெற்கே பார்த்துக்கொண்டு இருக்கிறது.

கப்பல் எதிர்க்கரையில், குவாருஜா என்ற ஊர்ப் பக்கம் கட்டியிருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். விசென்டே டி கார்வால்யோ என்ற இடத்தில் இருந்து கட்ராயா என்னும் சின்னப் படகுகள் சான்டோஸ் மார்க்கெட் பக்கம் வந்து போகும். வேலைக்குப் போகிறவர்களோடு நாமும் ஏறிக்கொள்ளலாம். மேட், அதாவது டெக் அதிகாரி, விடுவாரா என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று. எம்.எல்.சி. 2006 என்ற சர்வதேசக் கடல் தொழிலாளர் ஒப்பந்தத்திலேயே கரை விடுப்பு இருக்கிறது, உடல்நலத்துக்கும் நல்வாழ்வுக்கும் என்று காரணத்தோடு. டியூட்டிக்கு இடைஞ்சல் இல்லை என்றால் கேளுங்கள். கேட்காதவனுக்கு யாரும் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள்.

அரை நாள்தான் கிடைக்கிறது என்றால் நேராக நவம்பர் 15 தெருவுக்குப் போங்கள். துறைமுகத்தை ஒட்டிய பழைய ஊர் அது. அங்கே மணிக்கூண்டு வைத்த ஒரு பெரிய கட்டடம் இருக்கும். பிரேசில் விடுதலை பெற்று நூறு வருடம் நிறைந்த 1922 செப்டம்பர் 7 அன்று திறந்த காபி எக்ஸ்சேஞ்ச். இப்போது காபி அருங்காட்சியகம். கோவில் மண்டபத்துக்குள் நுழைகிற மாதிரி இருக்கும். நடுவில் வட்டமாக மர நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் சின்ன மேசை. தரகர்கள் இதில் உட்கார்ந்துதான் மூட்டைகளுக்கு விலை பேசியிருக்கிறார்கள். தலைக்கு மேலே வண்ணக் கண்ணாடிக் கூரை. பெனடிட்டோ கலிஸ்டோ என்ற ஓவியர் வரைந்து கொடுத்தது. வெயில் ஏற ஏற நாற்காலிகள் மேல் நிறம் நகர்வதைக் குக் அண்ணன்தான் தொட்டுக் காட்டினார்.

சுவரில் அதே ஓவியர் தீட்டிய மூன்று பெரிய படங்கள். ஒன்று ஊர் உண்டான கதை. மற்ற இரண்டும் நமக்காகவே வரைந்தவை மாதிரி: 1822-ல் சான்டோஸ், 1922-ல் சான்டோஸ். இரண்டுக்கும் நடுவில் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். ஒன்றில் மலையடிவாரத்துச் சின்ன ஊர். மற்றதில் கரை முழுக்கத் துறைமுகம். காபி என்ற ஒரே சரக்கு நூறு வருடத்தில் செய்த வேலை அது. 1867-ல் இங்கிலீஷ்காரர்கள் மலையேறும் ரயில் போட்டார்கள். உள்நாட்டுக் காபி எல்லாம் இந்தத் துறைக்கே இறங்கி வந்தது. இன்றைக்கும் காபி வியாபாரிகள் ஒரு வகைப் பிரேசில் கொட்டையைச் 'சான்டோஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.

கீழே கடையில் காபி குடியுங்கள். நம் ஃபில்டர் காபி நாக்குக்குக் கொஞ்சம் கருகலாகத் தோன்றும், பால் கேட்டு வாங்குங்கள். ஜாகு என்ற பறவை தின்று கழித்த கொட்டையில் போட்ட காபியும் உண்டு. விலையைப் பார்த்துவிட்டு நான் சாதாரணக் காபியோடு நிறுத்திக்கொண்டேன்.

அங்கிருந்து பக்கத்திலேயே பழைய டிராம் ஓடுகிறது. போர்ச்சுகல், இத்தாலி, ஜப்பான் என்று ஊர் ஊராக வாங்கிச் சேர்த்த பெட்டிகள். பழைய தெருக்களைச் சுற்றிக் காட்டுவார்கள். வழிகாட்டி பேசுவது புரியாது, பரவாயில்லை. உட்கார்ந்து காற்று வாங்கலாம்.

அடுத்தது மோன்டி செரா குன்று. 1927 முதல் கம்பி இழுக்கும் ரயில் ஓடுகிறது. நானூறு சொச்சம் படிகளும் உண்டு. உச்சியில் ஊரின் காவல் மாதா கோவில். செப்டம்பர் 8 திருநாள். வேளாங்கண்ணிக்கும் அதே நாள்தானே, அண்ணே என்று சொன்னேன். குக் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். கோவிலுக்குப் பக்கத்திலேயே ஒரு சூதாட்ட விடுதி நடந்திருக்கிறது! 1946-ல் நாடு முழுக்கச் சூதாட்டத்தைத் தடை செய்யவும் மூடிவிட்டார்கள். மேலே நின்று வடக்கே திரும்பினால் நம் கப்பல் தெரியும், தீப்பெட்டி அளவில். தெற்கே திரும்பினால் வளைந்து கிடக்கிற கடற்கரையும் வெள்ளை அடுக்குமாடிகளும். ஒன்பது நாள் ஒரு பக்கத்திலேயே குந்தியிருந்தோமே என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இனித் தெற்குப் பக்கம். போகும் வழியில் காங்கிரீட் கரை கட்டிய கால்வாய்களைத் தாண்டுவீர்கள். சாக்கடை என்று மூக்கைப் பிடிக்காதீர்கள், இந்த ஊரைக் காப்பாற்றியதே அவைதான். கப்பல் கட்டக் கல் வைத்துக் கட்டிய பெர்த் இங்கே வந்தது 1892-ல், அதுவும் முதலில் 260 மீட்டர்தான். அதற்கு முன் சேற்றில் ஊன்றிய மரப் பாலங்கள், தேங்கிய தண்ணீர், கொசு. மஞ்சள் காய்ச்சல் பரவி, நங்கூரம் போட்டு நின்ற கப்பல்களில் மாலுமிகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். சபிக்கப்பட்ட துறை என்றே பேர். சான்டோஸ் என்றால் கப்பலேறப் பயந்திருக்கிறார்கள் நம் தொழில்காரர்கள். சாட்டர்னினோ டி பிரிட்டோ என்ற பொறியாளர்தான் மழைத்தண்ணீருக்குத் திறந்த கால்வாய், கழிவுக்குத் தனிக் குழாய் என்று பிரித்துத் திட்டம் போட்டார். முதல் கால்வாய் 1907-ல் திறந்தது. இப்போது அவைதான் ஊரின் விலாசம். "கால்வாய் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்" என்று சொன்னால் எந்த வண்டிக்காரரும் சரியாகக் கொண்டுவந்து விடுவார்.

கால்வாய் ஓரமாகவே நடந்தால் கடற்கரை. மணலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஒரே தோட்டம். கின்னஸில் வந்திருக்கிறது. தோட்டம் அழகுதான், ஆனால் நான் பார்த்தது அதைத் தாண்டி நின்ற கட்டடங்களை. அவை சாய்ந்திருக்கின்றன! ஒன்று இரண்டு இல்லை, ஒரு பெரிய வரிசையே. கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துப் பக்கத்துக் கட்டடத்தோடு விளிம்பை ஒப்பிட்டேன். கீழே ஒட்டிக்கொண்டு மேலே விலகியும், சில இடத்தில் கீழே விலகி மேலே நெருங்கியும் நிற்கின்றன. 1950, 60-களில் மேல்மணலை நம்பி ஆழமில்லாத அஸ்திவாரத்தில் கட்டியவை. மணலுக்கு அடியில் கெட்டியான மண் இல்லை, வழவழவென்று கடல் களிமண். பக்கத்தில் பக்கத்தில் பாரம் ஏற ஏறக் களிமண் ஒரு பக்கமாக அமுங்கிவிட்டது. கப்பலில் ஒரு டிகிரி லிஸ்ட், அதாவது சாய்வு வந்தாலே, தண்ணீரை மாற்றி நிமிர்த்தும் பலாஸ்ட் பம்பைப் போடச் சொல்லிக் கத்துகிறவர்கள் நாம். இங்கே ஜன்னலில் துணி காய்கிறது, பாட்டி ஒருத்தி பால்கனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். நூன்சியோ மல்சோனி என்ற 17 மாடிக் கட்டடம் உச்சியில் இரண்டு மீட்டருக்கு மேல் சாய்ந்துவிட்டது. ஆழத்துக்குத் தூண் இறக்கி, ஹைட்ராலிக் ஜாக் வைத்துத் தூக்கி நிமிர்த்தினார்கள். மற்ற பல கட்டடங்கள் இன்னும் அப்படியேதான்.

மேற்கு ஓரத்தில் கடலுக்குள் நீளும் பூங்காவில் டோமியே ஓடாகே என்ற சிற்பி செய்த பெரிய சிவப்புச் சிற்பம் ஒன்று இருக்கிறது. 1908 ஜூனில் கசாட்டோ மாரு கப்பல் முதல் ஜப்பானியக் குடியேறிகள் 781 பேரை இந்தத் துறையில் இறக்கியதன் நூற்றாண்டு நினைவு. அங்கிருந்து பார்த்தால் ஊருபுகெசாபா என்ற குட்டித் தீவு தெரியும். நன்றாக வற்றிய நேரத்தில் நடந்தே கிட்டப் போகலாம். ஏற்ற இறக்க நேரம் போட்ட டைட் டேபிளைப் பார்த்துவிட்டுப் போங்கள். கடலோடி ஒருவன் ஏற்றத்தில் மாட்டிக்கொண்டு கரைக்காரன் வந்து மீட்டான் என்றால் மானம் போய்விடும்.

கால்பந்துப் பைத்தியங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். சான்டோஸ் கிளப் ஆரம்பித்தது 1912 ஏப்ரல் 14, டைட்டானிக் பனிப்பாறையில் மோதிய அதே நாள். பெலே 15 வயதில் 1956-ல் இங்கே வந்து 1974 வரை ஆடினார். விலா பெல்மிரோ மைதானம் சின்னது, வீடுகளுக்கு நடுவில் இருக்கிறது. இருபதாயிரம் பேர்கூடக் கொள்ளாது. 2023 ஜனவரியில் அவர் உடலை அந்தப் புல்தரையில்தான் வைத்தார்கள். புதைத்தது ஊருக்குள்ளேயே, மாடி மாடியாக உயர்ந்த கல்லறைக் கட்டடத்தில். பெலே அருங்காட்சியகம் பழைய ஊரில், டிராம் புறப்படும் இடத்துக்குப் பக்கம்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். தட்டை எடை போட்டுக் காசு வாங்கும் கடைகள் நிறைய. நாமே எடுத்துப் போட்டுக்கொள்வதால் பாஷை தேவையில்லை. சோறும் பீன்ஸும் எப்போதும் இருக்கும். தெருச் சந்தையில் பாஸ்டெல் என்று நம் சோமாஸி மாதிரி ஒன்றைச் சுடச்சுடப் பொரித்துக் கரும்புச் சாறோடு தருவார்கள். ரொட்டிக் கடையில் 'மெடியா' என்று கேட்டால் பன் வரும். பிரேசிலில் வேறு பல ஊரில் அதே சொல்லுக்குப் பால் காபி வருமாம்.

அப்புறம், எச்சரிக்கை. போனைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள். சங்கிலி, மோதிரம் கப்பலிலேயே இருக்கட்டும். கரை இறங்கும் அனுமதிச் சீட்டான ஷோர் பாஸ் உள்பையில். இருட்டின பிறகு துறைமுகச் சாலையில் நடக்கவே கூடாது, கேட் வரைக்கும் வண்டி பிடித்து வாருங்கள். இரண்டு பேராகவாவது போங்கள். காய்ப்பிரின்யா என்ற சாராயக் கலவை இனிக்கிறதே என்று மூன்றாவது டம்ளர் வாங்காதீர்கள். அடுத்த வாட்ச் டியூட்டியில் தெரியும்.

நேரம் மிச்சம் இருந்தால் சாயங்காலம் போன்டா டா பிராயாவுக்குப் போங்கள். கடற்கரை முடிந்து துறைமுகத்துக்குக் கப்பல் போகும் கால்வாய் ஆரம்பிக்கும் முனை. தூண்டில் போட்டுக்கொண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எதிர்க்கரையில் 1584-ல் கட்டிய வெள்ளைக் கோட்டை. கப்பல் உள்ளே வரும்போது ஸ்டார்போர்டில், அதாவது வலது பக்கம் பார்த்திருப்பீர்கள், பெயர் தெரிந்திருக்காது. நான் நின்றபோது பைலட் படகோடு ஒரு கண்டெய்னர் கப்பல் உள்ளே வந்தது. அடுக்குமாடிக்கும் கோட்டைக்கும் நடுவில், எட்டித் தொட்டுவிடலாம் போல. தூண்டில்காரர்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ஐஸ்கிரீம் வைத்திருந்த ஒரு சின்னப் பெண் கையை ஆட்டினாள். முன்தளத்தில் ஆரஞ்சு பாய்லர் சூட்டில் கயிறு எடுத்து வைத்துக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றி ஆட்டினான். நாமும் ஆட்டினோம்.

மருமகனே, கப்பல் வெள்ளிக்கிழமை வரை அங்கேதான் என்றாய். திங்கட்கிழமை அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். நாளைக்கு மழை என்றால் லோடிங் எப்படியும் நிற்கும். குடையை எடுத்துக்கொண்டு காபிக் கட்டடத்துக்குப் போ. அந்த இரண்டு படத்தையும் எடுத்து அனுப்பு. என்னிடம் இருந்த போட்டோ உப்புக்காற்றில் ஒட்டிப் போய்விட்டது.

இப்படிக்கு,
கரையேறிவிட்ட ஒரு போசன்