முதலில் ஹீற்றரை மூடு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். மூத்தவள் படிப்பு முடித்து வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். பெரியண்ணைக்குக் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. மற்ற வீட்டுச் செய்தியெல்லாம் மாமி சொல்லுவா. இந்தக் கடிதத்தை நான் வேறு ஒரு அவசரத்தில் எழுதுகிறேன்.

உன் பழைய ஃபோக்ஸ்வாகனுக்கு எந்த சைலன்சர் பூட்டலாம், எது நல்ல சத்தம் தரும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி: நுவரெலியா போகும்போதெல்லாம் மனிசிக்கும் சின்னவனுக்கும் தலையிடி, வளைவுகள் ஒத்துக்கொள்வதில்லைப் போல என்று. அந்த வரிக்குப் பிறகு எனக்கு மற்றதை வாசிக்க மனம் வரவில்லை. கொழும்புக்குப் போகிற வழியில் கடுகண்ணாவையிலும்தான் வளைவு இருக்கிறது. அங்கே வராத தலையிடி நுவரெலியாவில் மட்டும் ஏன் வருகிறது? அங்கேதானே நீ ஹீற்றரைத் திறக்கிறாய்.

உன் வண்டியில் ஹீற்றர் எப்படி வேலை செய்கிறது என்று ஒருதரம் யோசித்துப் பார். தண்ணீர் இல்லாத, காற்றால் மட்டும் குளிர்கிற எஞ்சின். முன்பக்கத்து இரண்டு சிலிண்டர்களின், அதாவது 1இன், 3இன் புகைக்குழாய்கள் இரண்டு பக்கத்து ஹீற்றர் பெட்டிகளுக்குள்ளால் போய்த்தான் சைலன்சரில் சேருகின்றன. விசிறி தள்ளுகிற காற்று அந்தச் சுடுகுழாயைச் சுற்றிப் போய்ச் சூடேறி, வாசற்படிக்குக் கீழே உள்ள குழலால் காருக்குள் வருகிறது. நீங்கள் மூச்சு விடுகிற காற்றுக்கும் எஞ்சின் புகைக்கும் நடுவில் இருப்பது அந்தக் குழாயின் சுவர் மட்டும்தான். உன்னுடையது 66ஆம் ஆண்டு 1300 சிசி எஞ்சின் வண்டி. அந்தப் பெட்டிகள் எத்தனை மழையைக் கண்டிருக்கும்! உள்ளே ஒரு சின்ன ஓட்டை விழுந்தாலே போதும், கார்பன் மொனொக்சைட் நேராகக் குழந்தையின் காலடியில் வந்து நிற்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒக்சிசனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதல் அடையாளமே தலையிடிதான், அப்புறம் குமட்டல், நித்திரை. சின்னப் பிள்ளைகளை அது முந்திப் பிடிக்கும். அத்தோடு நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேலே. காற்று ஐதாக இருப்பதால் கார்பரேற்றர் பெற்றோலைக் கூடுதலாகக் கலக்கும், புகையில் இந்த நஞ்சும் கூடும்.

அதனால் இப்போதே போய் ஹான்ட்பிரேக் பக்கத்து ஹீற்றர் நெம்பை மூடு. மூடினாலும் பழைய மூடி இறுகப் பொருந்தாது. ஆகவே, பெட்டியைப் பார்க்கும் வரைக்கும் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடு, பிள்ளைகளை ஏற்றாதே. இதை நான் கெஞ்சித்தான் கேட்கிறேன்.

பார்ப்பது பெரிய வேலை இல்லை. குளிர்ந்த எஞ்சினில் விசிறிக் கூட்டிலிருந்து பெட்டிக்கு இறங்குகிற இரண்டு ஹோஸையும் கழற்று. டோர்ச் அடித்துப் பெட்டிக்குள்ளே பார். உள்ளே தூசியும் லேசான துருவும் இருக்கலாம், கறுப்புக் கரி இருக்கவே கூடாது. விரலை விட்டுத் தடவி எடுத்தால் கரி ஒட்டினால் குழாய் ஓட்டைதான். அப்புறம் ஹோஸைத் திரும்பப் பூட்டி, எஞ்சினை ஓடவிட்டு, இரண்டு வால்குழாயையும் ஒரு தடித்த ஈரத்துணியால் கொஞ்ச நேரம் பொத்தும்படி யாரிடமாவது சொல்லிவிட்டுக் காதைக் கொடு. பொருத்துகளில் எங்கேயாவது ‘ப்ச் ப்ச்’ என்று கேட்கும், அந்த இடத்தைச் சோக்கால் அடையாளம் போடு. கராஜுக்குள்ளே செய்யாதே, முற்றத்தில் செய்.

சரி, இனி உன் சைலன்சருக்கு வருகிறேன். சைக்கிள் கம்பியில் பலூன் கட்டிச் சத்தம் எழுப்பி ஓடினவன்தானே நீ, உனக்கு நாலு சிலிண்டரின் புகைக்குழாயும் ஒன்றாய்ச் சேருகிற அந்த ஹெடரில் ஆசை வந்ததில் எனக்கு அதிசயமில்லை. படத்தைப் பார்த்தேன், வடிவாகத்தான் இருக்கிறது. அது கெட்ட சாமானும் இல்லை. பெரிய கார்பரேற்றர், வேறு கேம், திறந்த ஹெட் என்று எஞ்சின் முழுவதையும் மாற்றுகிறவனுக்கு அது தேவை. உன் 40 குதிரைவலுவுக்கு அது தருகிற இலாபம் கொஞ்சம், பறிக்கிறது நிறைய. நீ காட்டியது 38 மில்லிமீற்றர் குழாய். உன் எஞ்சினுக்கு 35க்கு மேலே வேண்டியதே இல்லை. குழாய் பருத்தால் குறைந்த சுற்றில் புகையின் வேகம் விழுந்துவிடும், இழுவை போகும். கண்டியிலிருந்து ரம்பொடை ஏற்றத்தில் உனக்கு வேண்டியது அந்த அடிச்சுற்று இழுவைதான்.

அடுத்தது தகடு. எஞ்சினைச் சுற்றியிருக்கிற தகடுகளைக் கழற்றிவிட்டு ஹெடரைப் பூட்டித் தருவோம் என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய். அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதே. மேலே இருக்கிற குளிர்காற்றையும் கீழே சைலன்சரைச் சுற்றியிருக்கிற சுடுகாற்றையும் பிரித்து வைப்பதே அந்தத் தகடும் ரப்பர் விளிம்பும்தான். அது போனால் விசிறி தன்னுடைய சூட்டையே திரும்ப இழுத்துக் குடிக்கும். உன் எஞ்சினில் ஒயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளே 3ஆம் சிலிண்டருக்கு முன்னால் நிற்கிறது, அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே மற்றதை விடச் சூடு. ஹெடர் போட்டுக் கலவையில் பெற்றோலும் குறைந்து, தகடும் இல்லாமல் ஓடினால் முதலில் கருகுவது அங்கேயுள்ள புகை வால்வுதான்.

இன்னொன்று, கார்பரேற்றரிலிருந்து எஞ்சினுக்குக் கலவை போகிற இன்டேக் மனிபோல்டுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய குழாய் போகுமே, அது சைலன்சரிலிருந்து கொஞ்சம் சுடுபுகையை எடுத்து மனிபோல்டைச் சூடாக்குகிறது. பல ஹெடர்களில் அந்தக் குழாய்க்கு ஓட்டம் ஒழுங்காகக் கிடைப்பதில்லை, சிலதில் இணைப்பே இல்லை. மூடுபனிக்குள் மனிபோல்ட் வெள்ளையாய் உறைந்து எஞ்சின் இருமுவது அதனால்தான். உன்னுடையதைக் கழற்றும்போது அதற்குள்ளே கரி அடைத்திருக்கிறதா என்று பார்த்து ஒரு கம்பிக் கயிறால் குத்தித் துப்புரவாக்கு.

ஹீற்றர் பெட்டி ஓட்டையென்றால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் வளைகுழாய் போடலாம், இலங்கைச் சூட்டுக்கு அது காணும் என்று நம் கூட்டாளி ‘கண்ணாடி’ சொல்லுவான். மட்டக்களப்பில் ஓடுகிறவனுக்கு அது சரி. அப்படிச் செய்தால் விசிறிக் கூட்டில் பெட்டிக்குப் போகிற இரண்டு வாயையும் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிர்விக்க வேண்டிய காற்று வீணாய்ப் போகும். ஆனால் நீ மலையில் இருக்கிறாய், முன்கண்ணாடியில் படிகிற பனியை நீக்கவும் அந்தச் சூடுதான் வேண்டும். என் முடிவு: நல்ல இரண்டு ஹீற்றர் பெட்டி, அசல் மாதிரியான ஒற்றை சைலன்சர், இரண்டு வால்குழாய். 1955 ஓகஸ்டில் வந்த அந்த இரட்டைக் குழாயின் விசில் சத்தத்துக்கு மேலே ஒரு ஃபோக்ஸ்வாகனுக்கு என்ன சத்தம் வேண்டும்?

நானும் என்னுடைய 1200க்கு அதைத்தான் இந்த வசந்தத்தில் பூட்டினேன். இங்கே ஜெர்மனியில் 30 வயது தாண்டிய வண்டிக்கு, பழைமையான வண்டி என்று காட்டுகிற எச் எழுத்து இலக்கத்தகடு தருவார்கள், வருட வரி 191 யூரோ. ஆனால் பரிசோதகர் கீழே குனிந்து, பூட்டியிருப்பது அந்தக் காலத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பார். லைஸ்ற்றிட்ஸ் கொம்பனி செய்த சைலன்சர் கிடைத்தது, இரும்பு தடிப்பு, பொருத்து அச்சாக வந்து உட்கார்ந்தது. பளபளக்கிற ஸ்ரெயின்லஸ்ஸும் பார்த்தேன். துருப்பிடிக்காது, உண்மை. சூட்டில் கூட நீளுகிறபடியால் ஒட்டு சரியில்லாவிட்டால் வெடிக்கும் என்று விட்டுவிட்டேன். உன் ஊர் மழைக்கு நல்ல ஒட்டுள்ள ஸ்ரெயின்லஸ் கிடைத்தால் எடுக்கலாம்.

கழற்றும்போது அவசரப்படாதே. சிலிண்டர் ஹெட் அலுமினியம், குழாயைப் பிடிக்க அதில் ஏற்றியிருக்கிற ஸ்டட் 8 மில்லிமீற்றர் இரும்பு. முதல்நாள் இரவே ஒயில் விட்டு ஊறவை. நட்டை முதலில் கொஞ்சம் இறுக்கி, பிறகு தளர்த்து, கிறீச்சிட்டால் நிறுத்தி நட்டைச் சூடாக்கு. பூட்டும்போது எல்லா நட்டையும் கிளாம்பையும் விரலால் மட்டும் ஏற்றி, குழாய்கள் தாமாக உட்கார்ந்த பிறகுதான் நட்டுச் சாவியைப் போடு. வலிந்து இழுத்துப் பூட்டின குழாய் பிளக்கும். ஒருதரம் ஓடிச் சூடேறி ஆறினதும் திரும்ப இறுக்கு.

எனக்கு உடனே வேண்டியது உன் எஞ்சின் இலக்கம். டைனமோவுக்குக் கீழே எஞ்சின் கூட்டில், கிராங்கேசில் அடித்திருக்கும், ‘எஃப்’ எழுத்தில் தொடங்கினால் அது 1300தான். இத்தனை வருடத்தில் யாராவது எஞ்சின் மாற்றியிருந்தால் சாமான் பொருந்தாது, 1200க்கும் 1300க்கும் சைலன்சர் வேறு வேறு. இரண்டு பெட்டியையும் அடியிலிருந்து படம் எடுத்து அனுப்பு. மாமி ஓகஸ்டில் வரும்போது பற்றரியில் ஓடுகிற கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒன்றைக் கொடுத்துவிடுகிறேன், அவவின் பெட்டியில் இடம் இருக்கோ இல்லையோ அது வரும். சாமான் காசைப் பற்றி இப்போது கதைக்காதே.

மனிசியிடமும் சின்னவனிடமும் தலையிடி எப்போது தொடங்கும், கீழே இறங்கினதும் விடுமா என்று கேட்டு எழுது. டொக்டரிடம் போனால் ஹீற்றர் விஷயத்தையும் சொல்லச் சொல்லு.

அன்புடன்,
நெட்டையன்