மலைக் குடியிருப்பு குடிநீர்ச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதன் நகலை அண்டை வீட்டார் கொண்டுபோய்க் கொடுக்கவும். சொல்லப்போவதில் பாதி அவர்களுக்குத்தான்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. விநியோகத் தொட்டி கழுவப்பட்டது. குழாயடி மேடைகளின் விரிசல்கள் பூசப்பட்டன.

குழாய், சிமெண்ட், வால்வு அனைத்தையும் வாங்கிக் கொடுத்த நம் ஊர்ப் பெரியவர் தம் பெயரைப் போட வேண்டாம் என்றதால் கல்வெட்டும் வைக்கவில்லை, இங்கும் எழுதவில்லை. குடத்தோடு மேடு ஏறி இறங்கும் வேலை அவரால் நின்றது. பராமரிப்பை ஊர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே அவர் போட்ட நிபந்தனை.

ஊற்றிலிருந்து விநியோகத் தொட்டிக்கு வரும் குழாய் வழியில் கட்டிய இரண்டு அழுத்தம் குறைக்கும் தொட்டிகளும் வீண் செலவு என்று சென்ற கூட்டத்தில் பேசப்பட்டது. அவற்றைக் கட்டச் சொன்னவன் நான் என்பதால் பதில் பதிவாக வேண்டும். ஊற்றிலிருந்து விநியோகத் தொட்டி 130 மீட்டர் கீழே இருக்கிறது. அழுத்தத்தை அளக்கும் அலகு பார். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் என்றால் அடியில் 13 பார். நாம் பதித்த கருப்புக் குழாய் 6 பார் தாங்கக்கூடியது. தண்ணீர் ஓடும்போது உராய்வில் அழுத்தம் கழியும். இரவில் தொட்டி நிரம்பி மிதவை வால்வு மூடிக்கொண்டதும் 13 பாரும் அப்படியே குழாயின் மேல் நிற்கும். விடிந்து பார்த்தால் குழாய் வெடித்துக் கிடந்ததற்குக் காரணம் அதுதான். காட்டுப்பன்றிமேல் பழி போட்டது போதும். இப்போது ஒவ்வொரு தொட்டியிலும் தண்ணீர் காற்றுப் பட விழுந்து அழுத்தத்தை இழக்கிறது. குழாயின் மூன்று பகுதிகளும் தலா 45 மீட்டர் உயரத்துக்குள் அடங்குகின்றன. தொட்டிகள் வந்தபின் ஒரு வெடிப்புகூட இல்லை.

ஆனால் இரண்டாம் தொட்டியின் மிதவை மேலே எழாதபடி கம்பியால் கட்டப்படுகிறது. வால்வு மூடாமல் தண்ணீர் வழிகிறது. எந்தத் தோட்டத்துக்கு வழிகிறது என்பதை மண்ணின் ஈரமே காட்டுகிறது. நான் எழுதத் தேவையில்லை.

கசிவே இல்லாமல் தண்ணீர் நூலாக வந்த நாட்களில் திருட்டு என்று புகார் எழுந்தது. குழாய் மேடேறி இறங்கும் இடத்தில் காற்று தேங்கி அடைத்திருந்தது. அங்கே காற்று வால்வு வைத்ததும் சரியானது. பள்ளத்தில் உள்ள கழிவு வால்வை மாதம் ஒருமுறை திறந்து வண்டலை வெளியேற்றாவிட்டால் அடுத்த அடைப்பு அங்கேதான்.

ஊற்றுக்கு எட்டு மீட்டர் மேலே வெட்டிய வடிகாலைத் தூர்வார அழைத்த நாளில் வந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அது தூர்ந்தால் மழைநீர் சாணத்தோடு ஊற்றுத் தொட்டிக்குள் இறங்கும். கலங்கிய நீரில் எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போட்டாலும் சேறே அதைத் தின்றுவிடும். தெளிந்த நீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், அதாவது நம் 15,000 லிட்டர் தொட்டிக்கு 37.5 கிராம் போதும். குழைத்துத் தெளியவைத்து மேல்நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்தே திறக்க வேண்டும். பவுடர் டின்னைத் திறந்து வைக்காதீர்கள். மலை ஈரத்தில் வீரியம் போய் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும்.

தொட்டி சிறியது என்பவர்களுக்கு: கோடையில் 20 லிட்டர் வாளி நிரம்ப ஊற்றில் 40 விநாடி ஆகிறது. இரவு எட்டு மணி நேரத்தில் சேர்வது 14,400 லிட்டர். பெரிய தொட்டி கட்டினால் ஊற்று பெருகாது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செலவு சற்றே மிஞ்சியிருக்கிறது. சந்தா பாக்கி வந்தால் நேராகிவிடும். கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும், குழாய் சுமந்த இளைஞர்களுக்கும், நிர்வாகிகளுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு எதிர்மேட்டு வீடுகளுக்குக் கிளைக் குழாய் வேண்டும் என்று பெரியவரிடம் கேட்டிருக்கிறோம். சந்தாப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். இன்றிருக்கும் நிலையில் அதை அவர் கையில் கொடுக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மாதக் கடைசியில்தான் கொண்டுபோவேன். அதுவரை பதிவேடும் பேனாவும் சங்க மேசையில் இருக்கும்.

செயலாளர்