நன்றாக இருந்தபோது கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

நான் படுத்துக் கிடந்த நாட்களில் வந்து பார்த்தவர்கள் பலர். அவர்களுக்கு என் நன்றி என்றும் உண்டு. இந்த மடல், நான் எழுந்து நடமாடி, தையல் மிஷினில் உட்கார்ந்து சிரித்துப் பேசத் தொடங்கிய பிறகும் என்னை விடாமல் பிடித்துக்கொண்டவர்களுக்கு. மூன்று முறை வந்துபோன மனச்சோர்வு மறுபடி வராமல் காக்க வேண்டிய காலம் அதுதான் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது.

டாக்டர் ஐயா, குணமாகிவிட்டது என்று அனுப்பிவிடாமல், மாத்திரையையும் தொடரச் சொல்லி, பாலக்காட்டில் நடந்த எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் (இந்த நொடியில் நடப்பதை நிதானமாகக் கவனிக்கும் பயிற்சி) வகுப்புக்கும் எழுதிக் கொடுத்தீர்கள். ஸீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற உளவியலாளர்கள் மூவரும் வகுத்த முறை என்றீர்கள். இங்கிலாந்தில் 424 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வையும் மறைக்காமல் சொன்னீர்கள்: இந்தப் பயிற்சி பெற்று மாத்திரையைக் குறைத்தவர்களில் 44 சதவீதம் பேருக்கும், மாத்திரையையே தொடர்ந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும் இரண்டு ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியது. மந்திரம்போலக் குணமாகும் என்று சொல்லியிருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன்.

ஆலோசகர் அம்மா, முதல் நாள் ஒரே ஓர் உலர்திராட்சையை உள்ளங்கையில் வைத்தீர்கள். அதன் சுருக்கங்களை, காம்பு இருந்த தழும்பை, விரலில் ஒட்டும் பிசுபிசுப்பை நிதானமாகக் கவனிக்கச் சொன்னீர்கள். அதே கண்ணால் என் எண்ணங்களையும் பார்க்கலாம் என்று புரிய வாரங்கள் ஆயின. ‘நீ எதற்கும் உதவாதவள்’ என்று மனம் இப்போதும் சில நாள் சொல்கிறது. அதனோடு வாதாடுவதில்லை, அதன் பின்னால் இழுபடுவதும் இல்லை. எண்ணம் ஒன்று வந்திருக்கிறது என்று கண்டுகொண்டு மூச்சுக்குத் திரும்புகிறேன்.

அக்கா, நோய் திரும்பும் அடையாளங்களை எழுதிவரச் சொன்னபோது என்னைவிட நீதான் சரியாகச் சொன்னாய்: விடிவதற்கு வெகு முன்பே விழிப்பது, போன் அடித்தால் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது, தலைக்கு எண்ணெய் வைக்காமல் விடுவது. அந்தத் தாள் பீரோக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. இந்த ஆடிக்காற்றின்போது இரண்டாவது அடையாளம் தெரிந்ததுமே, திட்டாமல், அழாமல், டாக்டரிடம் அழைத்துப் போனாய். அத்தோடு அது அடங்கியது.

முதலாளியம்மா, ஓணத் துணிகள் மலையாகக் குவிந்திருந்தபோதும் சனிக்கிழமை மதியம் என்னைப் பஸ்ஸுக்கு அனுப்பினீர்கள், சம்பளத்தில் பிடிக்கவில்லை. எங்கே போகிறாள் என்று கேட்டவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சித்தூரிலிருந்தும் கோவிந்தாபுரத்திலிருந்தும் வந்த வகுப்புத் தோழர்களே, பயிற்சி முடிந்தும் மாதம் ஒருமுறை கூடி உட்காருகிறோமே, அதற்கும் நன்றி. அடுத்த கூட்டத்துக்குச் சுண்டல் என் பொறுப்பு.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து உங்கள் தையற்காரி