அம்மாவுக்கு, நடக்கிற மெசினைப் பற்றி

அல்சூர், பெங்களூர்
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

இஞ்சை எல்லாரும் நல்ல சுகம். உங்கடை முழங்கால் நோ எப்பிடி, அப்பா பிரசர்க் குளிசையை ஒழுங்காப் போடுறாரோ எண்டு எழுதுங்கோ. போனில கேட்டால் ரெண்டு பேரும் "ஒண்டுமில்லை, சுகம்" எண்டு சொல்லிப்போட்டு வைச்சிடுவியள்.

ரொறன்ரோச் சித்தப்பா உங்களுக்கு ட்ரெட்மில் வாங்கித் தரப்போறாராம் எண்டு தம்பி போன கிழமை சொன்னான். அதைக் கேட்டுத்தான் கடதாசியை எடுத்தனான். போனில சொல்ல வெளிக்கிட்டால் பாதியில அப்பா போனைப் பறிச்சு இஞ்சத்தை வெங்காய விலை கேட்பார். எழுதினால் நீங்கள் பிஸ்கட் ரின்னுக்குள்ள வைச்சுத் திரும்பத் திரும்ப வாசிப்பியள், தம்பியும் பார்ப்பான்.

முதல் விசயம். "இஞ்சை இருந்து கப்பலில போட்டு விடுறன்" எண்டு சித்தப்பா சொன்னால் வேண்டாம் எண்டு சொல்லிப் போடுங்கோ. கனடாவில வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், எங்கடை பக்கம் 230. அந்த ஊர் மெசினை எங்கடை சுவரில குத்தினால் அண்டைக்கே புகைதான். கரண்டைக் குறைச்சுக் குடுக்க ஒரு பெட்டி பூட்டலாம், ஆனால் இந்த அளவு மோட்டருக்கு எண்டால் அது ஒரு ஆட்டுக்கல்லுப் பாரம் வரும். காசா அனுப்பட்டும்.

இனி எங்கடை வீட்டு மெசின்ரை கதை.

நான் 2023இல கலியாணம் கட்டி இஞ்சை வரேக்க, அது கூடத்து மூலையில உடுப்புக் காயப் போடுற கொடியாத்தான் நிண்டது. 2020 கொரோனா நேரம் இவர் வாங்கினவராம், மூண்டு மாதம் ஓடினவராம், பிறகு பழைய பெட்சீற்றால மூடி விட்டாச்சு. அல்சூர் ஏரிக்குக் கிட்ட ஒரு திருவள்ளுவர் சிலை இருக்கு. 1991இல செய்து வைச்சதை 2009 வரைக்கும் திறக்கேலாமல் மூடியே வைச்சிருந்தவையாம். வள்ளுவரே 18 வருசம் மூடிக் கிடந்தார், என்ரை மெசின் என்ன பெரிசு எண்டு இவர் பகிடி விடுவார்.

அத்தைக்குச் சீனி வருத்தம். ஓம், இப்ப "அத்தை" எண்டுதான் கூப்பிடுறன். வந்த புதுசில "மாமி" எண்டு கூப்பிட, பக்கத்து வீட்டு ஆக்கள் சிரிச்சவை. இஞ்சை மாமி எண்டால் ஐயர் வீட்டுப் பொம்பிளையாம். டொக்டர் அத்தையை ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் நடக்கச் சொன்னவர். வள்ளுவர் வரைக்கும் போய்த் திரும்பினால் கணக்குச் சரி, ஆனால் நடைபாதைக் கல்லு ஒண்டு உயரம், ஒண்டு பள்ளம், அதிலையும் பாதி மோட்டச்சைக்கிளுக்கு. ரோட்டைக் கடக்கிறதுக்கு நல்லூர்த் தேர் இழுக்கிற தைரியம் வேணும். ஒருக்கா விழப் பார்த்தவ. அண்டைக்குத்தான் பெட்சீற்றைக் கழட்டினது.

ஒரு மாதம் நல்லா ஓடிச்சு. பிறகு அத்தை காலை வைக்க வைக்க, பெல்ட் ஒரு கணம் நிண்டு நிண்டு வழுக்கத் தொடங்கிச்சு. ஆள் முன்னுக்கு விழுந்தெழும்புற மாதிரி. இவர் யூடியூப்பைப் பார்த்திட்டு, பின் பக்கத்து ரெண்டு போல்ட்டையும் எல் வடிவச் சாவியால இறுக்கு இறுக்கெண்டு இறுக்கினார். வழுக்கல் நிண்டுது. அடுத்த நாள் பத்து நிமிசத்தில ரப்பர் எரியிற மாதிரி ஒரு மணம், சுவர்ப் பெட்டியில இருக்கிற சுவிட்ச் டப்பெண்டு விழுந்துது. ஏத்தி விட்டால் திரும்ப விழுந்துது.

முதல் வந்த ஆள் மூடியைக்கூடக் கழட்டேல்லை. சுவிட்சைப் போட்டார், விழுந்துது, "போர்ட் போச்சு, 14,000 ஆகும்" எண்டார். வந்து பார்த்ததுக்கு 600 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அண்டு இரவு எனக்குச் சரியான விசர். காசைவிட, ஒருக்காக் குனிஞ்சு கூடப் பார்க்கேல்லையே எண்டதுதான்.

ரெண்டாவதா வந்தவன் ஒரு பெடியன். கோலார் தங்கவயல் பிள்ளை. அவன்ரை தாத்தா அங்கத்தைச் சுரங்கத்துக்குள்ள இறங்கி வேலை செய்தவராம். 2001இல சுரங்கத்தை மூடினாப் பிறகு அங்கத்தைத் தமிழ் ஆக்கள் கனபேர் விடிய ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து, இரவு திரும்பிப் போயினம். இவனும் அப்பிடித்தான். தோளில ஒரு பை, அதுக்குள்ள சாப்பாட்டுப் பெட்டியும் மீற்றரும் ஒண்டா.

வாசலிலயே சொன்னன், "தம்பி, மெசின் பிழைச்சுப் போச்சு."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "பிழைச்சுக்கிச்சுன்னா நல்லதுதானே அக்கா, அப்புறம் எதுக்கு நான்?"

அத்தை கதிரையில இருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா. எங்களுக்குப் பிழைச்சது எண்டால் பழுது, இவைக்குப் பிழைச்சது எண்டால் உயிர் தப்பினது. பேந்து "ரிப்பேர்" எண்டு சொல்லி விளங்கப்படுத்தினன்.

அவன் பிளக்கைக் கழட்டிப்போட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். கழட்டினாலும் உள்ளுக்குக் கரண்ட் தேங்கி நிக்குமாம், உடனை கை வைக்கக் கூடாதாம். பிறகு முன்மூடியைக் கழட்டினான். உள்ளுக்கு ஒரு தலையணைக்குக் காணுமான பஞ்சும் தூசியும். போர்ட்டுக்குப் பக்கத்தில ஒரு பல்லி அப்பளம் மாதிரிக் காய்ஞ்சு கிடந்தது. பெயின்ற் அடிக்கிற பிரஷ்ஷால மெல்லமாத் தட்டித் துடைச்சான். மோட்டர்ப் பக்கத்தில ஒரு மூடியைத் திருகி, விரல் நுனி அளவு கரித்துண்டு ஒண்டை எடுத்துக் காட்டினான். மிக்சிக்குள்ள இருக்கிற அதே சாமான்தானாம், தேய்ஞ்சு கட்டையாப் போனால் மாத்த வேணும். எங்கடையில இன்னும் மிச்சம் இருக்கு.

பிறகு என்னைக் கூப்பிட்டு, "கையை விடுங்கக்கா" எண்டு பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவில விடச் சொன்னான். காய்ஞ்சு, சொரசொரவெண்டு, மண் சட்டியின்ரை வெளிப்பக்கத்தைத் தடவின மாதிரி. அது வழுவழுவெண்டு இருக்க வேணுமாம். மூண்டு வருசமா ஒரு சொட்டு எண்ணெய் விடேல்லை. காய்ஞ்ச பலகை பெல்ட்டைப் பிடிச்சு இழுக்கும், காலை வைக்கப் பெல்ட் நிக்கும். இவர் அதுக்கு மருந்தா பெல்ட்டை இறுக்கினார், மோட்டர் ரெண்டு மடங்கு மாய வேண்டி வந்துது, கரண்டைக் கூட இழுத்துது, சுவிட்ச் விழுந்துது. போர்ட் இல்லை அம்மா, இவர்தான். இவர் அந்த நேரம் பால்கனியில போன் கதைக்கிற மாதிரி நிண்டவர்.

பெடியன் ரெண்டு போல்ட்டையும் தளர்த்தினான். பெல்ட்டைத் தூக்கிப் பிடிச்சு, நடுப்பக்கத்தில சிலிக்கோன் எண்ணெயைக் கோலம் போடுற மாதிரி வளைச்சு வளைச்சு விட்டான். ஆள் ஏறாமல் மெதுவா ஓட விட்டு அதைப் பரவப் பண்ணினான். பிறகு போல்ட்டைக் கால் சுத்து, ஒரு பக்கம். மற்றப் பக்கமும் அதே கால் சுத்து. ஏறி நடந்து பார்க்கிறது, திரும்பக் கால் சுத்து. பெல்ட்டின்ரை நடுவில ஓரத்தைத் தூக்கினால் அஞ்சு, ஆறு சென்ரிமீற்றர் எழும்ப வேணும். அதுக்கு மேல இறுக்கினால் மோட்டரைக் கொல்லுற வேலை.

வயரில கவ்விப் பிடிக்கிற மீற்றரை முதலே போட்டு வைச்சிருந்தவன். எண்ணெய் விட முதல் அத்தை நடக்கேக்க அது 6 அம்பியரைத் தாண்டிச்சு. விட்டாப் பிறகு 3க்குக் கீழ. அத்தை இறங்கி வந்து தானே மீற்றரைப் பார்த்திட்டு, "எனக்கு மாத்திரை போட்டா சுகர் இப்படி இறங்க மாட்டேங்குதே" எண்டா.

அவன் இன்னொண்டும் காட்டித் தந்தவன், தம்பிக்கு உதவும். வழுக்கிற மெசினில மூடியைக் கழட்டிப்போட்டு, மெதுவா ஓட விட்டு, ஒருத்தர் ஏறிக் கைப்பிடியைப் பிடிச்சபடி காலால பெல்ட்டை ஊண்ட வேணும். முன்னுக்கு இருக்கிற உருளை சுத்த, பெல்ட் மட்டும் நிண்டால் நடக்கிற பெல்ட்டில பிரச்சினை. மோட்டர் சுத்த, உருளையும் சேர்ந்து நிண்டால் உள்ளுக்கு இருக்கிற சின்னப் பெல்ட்டில. ஆர் பார்க்கிறாலும் கையை உள்ளுக்கு நீட்டக் கூடாது, உங்கடை சீலைத் தலைப்பு அந்தப் பக்கமே வரக் கூடாது.

இவ்வளவுக்கும் எண்ணெயோட 800 ரூபாய். தேத்தண்ணி குடுத்தன், குடிச்சிட்டு ரயிலுக்கு ஓடினான். போக முதல் சுவரைப் பார்த்து ஏசினான். பிரிட்ஜும் மெசினும் ஒரே நீட்டு வயரில, சின்னப் பிளக்கில. இதுக்கு 16 அம்பியர்ப் பெரிய பிளக், வேற ஒண்டும் குத்தாமல் தனியா வேணுமாம். அடுத்த கிழமை ஆளைப் பிடிச்சு வயர் இழுத்தாச்சு. கரண்ட் போற நேரம் இன்வேட்டரில ஓட்டவும் கூடாது. இஞ்சை மழை தூறினாலே கரண்ட் போற நாள் உண்டு, அத்தை அண்டைக்கு லீவு.

அதுக்குப் பிறகு ஒருக்காத்தான் மெசின் எழும்பாமல் நிண்டது. சுவிட்ச் சரி, பிளக் சரி, திரையில கோடு மட்டும். இவர் திரும்ப எல் சாவியைத் தூக்கிக்கொண்டு வர, நான் குறுக்க நிண்டன். தேடிப் பார்த்தால், சிவப்புக் கயிறு கட்டின காந்தத் திறப்பைக் காணேல்லை. அது பூட்டினால்தான் மெசின் ஓடும், விழப் போனால் கயிறு இழுபட்டு மெசின் தானா நிக்கும். அத்தை அந்தக் காந்தத்தால மளிகைச் சீட்டைப் பிரிட்ஜ் கதவில ஒட்டி வைச்சிருந்தவ.

இப்ப மூண்டு மாதத்துக்கு ஒருக்கா எண்ணெய் நான்தான் விடுறன். பெல்ட் வலப்பக்கம் ஒதுங்கினால் வலப் போல்ட்டைக் கால் சுத்து இறுக்குவன், இடப்பக்கம் எண்டால் இடது. எங்கடை கூடத்து நிலம் கொஞ்சம் சரிவு, அதுக்காகக் காலடியில இருக்கிற குமிழைத் திருகிச் சமன் பண்ணி வைச்சிருக்கிறன். கீழ் வீட்டுக் கன்னடக்கார அன்ரியும் தன்ரை மெசினைப் பார்க்கக் கூப்பிட்டவ. அவவுக்குத் தமிழ் அரைகுறை, எனக்குக் கன்னடம் அதை விட அரைகுறை. "எண்ணெ, எண்ணெ" எண்டு ரெண்டு பேரும் சொன்னம், அது மட்டும் ரெண்டு பாசையிலயும் ஒண்டுதான்.

தம்பி பழசு வாங்கினால், காசு குடுக்க முதல் பெல்ட்டுக்குக் கீழ கையை விட்டுப் பார்க்கட்டும், பத்து நிமிசம் ஏறி நடந்து மோட்டர்ப் பக்கம் மணக்குதோ எண்டு பார்க்கட்டும். உங்கடை பாரத்தில இல்லை, அவன்ரை பாரத்தில. முன் விறாந்தையில வைக்க வேண்டாம், உப்புக் காத்தும் மழைச் சாரலும் படும். அப்பாவை போல்ட் பக்கம் விடாதேங்கோ.

எனக்குப் பெரிய பயம் நீங்கள்தான். தையல் மெசினுக்கு எண்ணெய் முடிஞ்ச நேரம் தேங்காய் எண்ணெயை விட்டு, அது பிசினாப் பிடிச்சு, அப்பா ரெண்டு நாள் மண்ணெண்ணெயில கழுவினது ஞாபகம் இருக்கோ? இந்தப் பெல்ட்டுக்குத் தேங்காய் எண்ணெயும் ஆகாது, மண்ணெண்ணெயும் ஆகாது. சிலிக்கோன் எண்ணெய் ரெண்டு போத்தல் நல்லூர்க் கொடியேத்தத்துக்கு வரேக்க கொண்டு வாறன். நீங்கள் பனங்கட்டி மட்டும் எடுத்து வையுங்கோ. அத்தைக்குக் காட்டக் கூடாது.

உங்கள் அன்பு மகள்