கப்பல் பட்டியல் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மன் நிலப்பகுதிகளிலிருந்து வட அமெரிக்காவின் பிரிட்டிஷ் குடியேற்றங்களுக்குச் சென்றவர்களின் வம்சாவளி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கப்பல் பட்டியலில் பெயர் அகப்பட்டால் மூதாதையர் அகப்பட்டதாகவே கொள்ளலாம் என்னும் எண்ணத்தை அக்கட்டுரை தருகிறது. அந்த எண்ணம் தவறானது என்பதால் இதை எழுதுகிறேன்.

1727 முதல், பிலடெல்பியாவில் வந்திறங்கிய ஜெர்மானியர்களுள் பதினாறு வயதைக் கடந்த ஆண்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும் என்று பென்சில்வேனியா அரசு விதித்தது. கப்பல் தலைவர் கொடுத்த பட்டியலும் இரு வகைப் பிரமாணத் தாள்களுமாக, ஒரே கப்பலுக்கு மூன்று பட்டியல்கள் வரை உண்டு. எழுதத் தெரிந்தவர் தாமே கையெழுத்திட்டார். தெரியாதவர் ஒரு குறி மட்டும் இட, அதன் இருபுறமும் அவருடைய பெயரை எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதினார். ஜெர்மன் ஒலிகளை ஆங்கில முறையில் கூட்டி எழுதியதால், ஒரே மனிதர் மூன்று தாள்களில் மூன்று விதமாகக் காணப்படுவதுண்டு. பெண்களும் சிறுவர்களும் பெரும்பாலான பட்டியல்களில் இடம்பெறவே இல்லை. ஆக, யார் வந்தார் என்பதற்கு இப்பட்டியல்கள் சான்றாகலாமே தவிர, யார் யாருக்கு என்ன உறவு என்பதற்கு அல்ல.

பெயர் வைக்கும் வழக்கமும் சிக்கலைக் கூட்டுகிறது. யோஹான் கியோர்க், யோஹான் ஆடம், யோஹான் யாகோப் என்று உடன்பிறந்த ஆண்கள் பலருக்கும் முதற்பெயர் ஒன்றாகவே இருக்கும்; அழைப்பதோ இரண்டாம் பெயரால். ஒரு குழந்தை இறந்துவிட்டால் அதன் பெயரையே அடுத்துப் பிறந்ததற்கு வைப்பதும் உண்டு. ம்யூல்லர் மில்லர் ஆனதும், தச்சர் எனப் பொருள்படும் ட்ஸிம்மர்மன் சிலரிடத்தில் அதன் ஆங்கிலச் சொல்லான கார்ப்பென்டர் ஆனதும் இதற்கு மேல்.

நியூயார்க்கின் கதை இன்னும் துயரமானது. 1710ஆம் ஆண்டு ஜெர்மன் நிலப்பகுதியான பலாட்டினேட்டின் அகதிகளை ஏற்றி வந்த கப்பல்களில் ஏராளமானோர் நோயால் மாண்டனர். தாய் தந்தையை இழந்த பிள்ளைகளையும் கைம்பெண்களின் பிள்ளைகளையும் ஆளுநர் ராபர்ட் ஹன்டர் அந்நியர் வீடுகளில் தொழில் பயிலுநர்களாக ஒப்படைத்தார். பின்னாளில் 1735ஆம் ஆண்டின் பத்திரிகைச் சுதந்திர வழக்கால் புகழ்பெற்ற ஜான் பீட்டர் ஸெங்கர், பயணத்தில் தந்தையை இழந்து, வில்லியம் பிராட்ஃபோர்டின் அச்சகத்தில் சேர்க்கப்பட்ட சிறுவரே. பெயர் விளங்காத பிள்ளைகள் எத்தனையோ பேர் இப்படிச் சொந்தக் குடும்பத்திலிருந்து அறுந்துபோனார்கள். அகதிகளுக்கு ஹன்டர் உணவு வழங்கிய கணக்குகளில் குடும்பத் தலைவர் பெயரோடு பெரியவர்கள் இத்தனை பேர், சிறியவர்கள் இத்தனை பேர் என்ற எண்ணிக்கைதான் உண்டு. அந்த எண் குறைந்த இடத்தில் இறப்பு நேர்ந்ததா, பிள்ளை வேறு வீட்டுக்குப் போனதா என்பதைக் கணக்கு சொல்லாது. அந்த அகதிகளுள் ஒருவராய் வந்து பின்னர் ஊர் திரும்பிய உல்ரிச் ஸிம்மென்டிங்கர் 1717 வாக்கில் அச்சிட்ட, நியூயார்க்கில் உயிரோடிருந்தோர் பட்டியல் மனைவி மக்களையும் குறிப்பதால் விலைமதிப்பற்றது.

என் மதிப்பீட்டில், எல்லாவற்றையும்விட நம்பத்தக்க இழை ஞானஸ்நானப் பதிவேடுகளில் உள்ள ஞானப்பெற்றோரின், அதாவது ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்காகப் பொறுப்பேற்று நிற்போரின், பெயர்களே. யோஹான் காஸ்பர் ஸ்டோவர், 1742இல் வந்த ஹென்றி மெல்கியோர் ம்யூலன்பெர்க் போன்ற லுத்தரன் போதகர்கள் விட்டுச்சென்ற ஏடுகளில், குழந்தை, தந்தை, தாய் ஆகியோரோடு ஞானப்பெற்றோரின் பெயர்களும் வருகின்றன. ஞானப்பெற்றோராக நின்றவர் பெரும்பாலும் தாய்மாமனோ, சித்தியோ, பழைய ஊரின் அண்டை வீட்டாரோதான். குழந்தைக்கு அவர் பெயரையே சூட்டுவதும் வழக்கம். தாயின் பிறந்த வீட்டுப் பெயர் எங்கும் எழுதப்படாத ஒரு குடும்பத்தில், அடுத்தடுத்த மூன்று குழந்தைகளுக்கும் ஒரே குடும்பத்தார் ஞானப்பெற்றோராக நின்றிருந்தால், அவள் அந்த வீட்டுப் பெண்ணாக இருக்கலாம் என்று தேடத் தொடங்கலாம். அப்பெயர்க் குழு ஐரோப்பாவில் எந்தக் கிராமத்துத் திருச்சபை ஏட்டில் ஒன்றாகக் காணப்படுகிறது என்று பார்த்தால்தான், தனி ஒருவரின் பெயரை மட்டும் துரத்துவதில் உள்ள ஆபத்து விலகும். போர்களில் அழிந்த ஏடுகளும் உண்டு என்பதால் அந்தத் தேடல் பாதியில் நிற்கவும் கூடும். மரபணுச் சோதனை இதற்கு மாற்றாகாது. இரு குடும்பங்கள் ஒரே தந்தைவழி என்று அது காட்டலாம், நான்கு சகோதரர்களுள் நம் முன்னோர் எவர் என்பதை அதைக்கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது.

இத்தகைய தேடலில் பிழையான ஓர் இணைப்பு அச்சேறிவிட்டால், பிறர் அதையே சான்றாக எடுத்தாள்வார்கள். உண்மையான பெற்றோர் அந்தக் குடும்பத்தின் நினைவிலிருந்து மறுபடியும் அழிக்கப்படுவார்கள். ஆகவே, இனி இவ்வகை வம்சாவளிகளை வெளியிடும்போது, ஆவணத்தால் உறுதியான உறவு எது, ஊகமாக மட்டும் நிற்பது எது என்பதைத் தனித்தனியே குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்